நெட்டையனுக்கு ஒரு சீட்

என்னைப் புதிதாகப் பார்க்கிற யாரும் முதலில் பேர் கேட்பதில்லை. "தம்பி, என்னா ஒயரம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆறடி ரெண்டங்குலம். கலசப்பாக்கத்தில் எங்கள் தெருவில் என்னைவிட உயரமாக நிற்பது இரண்டுதான்: ஒரு பனைமரம், ஒரு செல்போன் டவர். பஸ்ஸில் நின்றால் தலை மேல்கம்பியில் இடிக்கும். உட்கார்ந்தால் முட்டி முன்சீட்டில் இடிக்கும். அதனால்தான் காலேஜுக்கு பைக்கில் போவது என்று முடிவெடுத்தேன். பைக்கில் எதுவும் இடிக்காது என்று நினைத்தது என் தப்பு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு பைக் சீட்டை மாற்ற நான் பட்ட பாடும், அதில் கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைசியில் அது என் அப்பாவின் முட்டியில் போய் முடிந்தது.

வண்டி அப்பாவுடையது. 100 சிசி. பேர் எதற்கு, எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிற ரகம்தான். வார நாட்களில் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு. எனக்குத் திருவண்ணாமலை போக இருபது கிலோமீட்டர் சொச்சம், திரும்பி வர அதே அளவு. அப்பா ஞாயிறு காலையில் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூரில் சாமையும் புளியும் தேனும் வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் மளிகைக் கடையில் மலைச் சாமை என்றால் கேட்டு வாங்குகிற ஆட்கள் உண்டு.

அந்த வண்டியில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வெட்டுக்கிளி சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருக்கும். முட்டி இரண்டும் பெட்ரோல் டேங்குக்கு மேலே நிற்கும். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் முட்டிக்குள் ஊசி குத்தும். அடுத்த ஐந்தில் வால் எலும்பு. திருவண்ணாமலை மலை தெரிய ஆரம்பிக்கும்போது நான் பாதி எழுந்து நின்றபடிதான் ஓட்டிக்கொண்டிருப்பேன். பின்னால் வருகிற பஸ்காரர், வழிவிடத்தான் எழுந்தேன் என்று நினைத்து ஹாரன் அடிப்பார்.

இருக்கை உயரம் என்று கம்பெனிகள் ஒரு கணக்கு கொடுக்கின்றன. ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 31 அங்குலம். 2016ல் வந்த முதல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 800. 2021ல் மாற்றி வந்த கிளாசிக் 350 என்றால் 805. 2023ல் வந்த ஹிமாலயன் 450ல் 825, 845 என்று இரண்டு உயரத்தில் சீட்டை மாற்றி வைத்துக்கொள்ளலாம். முதலில் நான் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஆனால் நெட்டையனுக்கு வேண்டிய எண் இதில் இல்லை. சீட்டிலிருந்து தரை எவ்வளவு தூரம் என்பது குள்ளமானவர்களின் கவலை. சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு தூரம் என்பதுதான் நம் கவலை. அது குறைந்தால் முட்டி அதிகமாக மடங்கும். முட்டி மேலே வந்தால் தொடை சீட்டை விட்டுத் தூக்கிக்கொள்ளும். தொடை தாங்க வேண்டிய பாரமும் சேர்ந்து புட்டத்தில் இறங்கும். முட்டி வலியும் பின்பக்க வலியும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிற இரண்டு பஸ்கள்.

இது புரிவதற்கு முன்னால் இரண்டு தப்பு செய்தேன்.

முதல் தப்பு, மெத்து மெத்தென்று ஒரு சீட் வாங்கியது. கடையில் உட்கார்ந்து பார்த்தபோது மாமியார் வீட்டு சோபா மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பழைய சீட்டே தேவலை என்றாகிவிட்டது. காரணம் ரொம்ப எளிது. மெல்லிய ஸ்பாஞ்ச் நம் பாரத்தில் முழுசாக நசுங்கி, கீழே இருக்கிற பிளாஸ்டிக் தட்டு வரை போய்விடும். அதற்கப்புறம் நாம் உட்கார்ந்திருப்பது தட்டின் மேல்தான். அது மட்டுமில்லை, சீட் அமுங்கினால் உயரம் குறையும், முட்டி இன்னும் மடங்கும். நெட்டையனுக்கு மெத்தென்ற சீட் இரட்டை நஷ்டம். முதல் இரண்டு நிமிஷம் சுகமாக இருக்கிறதா என்பது சோதனையே இல்லை, முப்பது நிமிஷம் கழித்து என்ன ஆகிறது என்பதுதான் சோதனை.

ஜெல் வைத்த சீட்டும் விசாரித்தேன். நிழலில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஜெல் வெயிலில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். சித்திரை மாசம் திருவண்ணாமலையில் மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறினால் தோசைக்கல் ஞாபகம் வரும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது தப்புதான் பெரியது. இந்தத் தடவை விவரமாக, கெட்டியான ஸ்பாஞ்ச் போட்டு சீட்டை ரெண்டங்குலம் உயர்த்தித் தைத்துக்கொண்டேன். சொர்க்கம்! முட்டி வலி பாதியாகக் குறைந்தது. இரண்டு மாதம் ராஜா மாதிரி போய் வந்தேன். கூடப் படிக்கிறவர்களிடம் எல்லாம் சீட்டைத் தட்டித் தட்டிக் காட்டினேன்.

அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிறு அப்பா சாயங்காலம் நொண்டிக்கொண்டே வந்தார். இடது முட்டியில் தோல் பெயர்ந்திருந்தது. ஒரு பக்கம் சாமை மூட்டை கிழிந்து பாதிதான் இருந்தது. "மலைத் திருப்பத்துல கல்லு மேல ஏறி சருக்கிடுச்சி" என்றார். நானும் நம்பினேன். நல்ல டயராகப் பார்த்து மாற்றுங்கள் என்று புத்தி வேறு சொன்னேன்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வாசலில் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் திண்ணை ஓரமாக நிறுத்தினார். திண்ணை மேல் ஏறி நின்று, அங்கிருந்து காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு ஒரு காலின் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. இன்னொரு கால் தொங்கியது. எங்கள் அப்பா ஐந்தடி மூணங்குலம்.

அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு மாசமா இப்படித்தான் ஏறுறாரு. எதிர்ல பஸ் எறங்கி வந்திருக்கு. ஓரமா நிறுத்தி கால ஊனப் போனா கால் எட்டல, மூட்டையோட அப்படியே சாஞ்சிட்டாரு. உங்கிட்ட சொல்லாதன்னாரு. புள்ளைக்கு முதுகு வலின்னு ஒசத்திக்கினான், அவன் படிச்சி முடிக்கட்டும்னாரு."

அன்றைக்கு முழுக்க எனக்கு சோறு இறங்கவில்லை. எனக்கு வலித்தபோது வீடு முழுக்கச் சொன்னேன். அவர் விழுந்தபோது கல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் வந்ததும், "பழைய சீட்டையே போட்டுடலாம்பா" என்றேன். "போட்டா நீ எப்டி போவ? ரெண்டு பேருக்கும் ஆவுற மாதிரி எவனாவது தச்சுக் குடுப்பான், விசாரிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ரெடிமேடாகத் தேடினால் இந்த மாதிரி சின்ன வண்டிக்கு நெட்டையன் சீட் என்று எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று தேடலாம். அமெரிக்காவில் ரஸ்ஸல் என்று ஒரு சீட் கம்பெனி, நீங்கள் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிற போட்டோவையும் உயரம், எடையையும் வாங்கிக்கொண்டுதான் சீட்டே செய்கிறது. நமக்கு அது எட்டாது. ஆனால் அந்த யோசனை நல்ல யோசனை: சீட்டை மட்டும் பார்த்து சீட் செய்ய முடியாது, ஆளையும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கிற ஒரு பாய் திருவண்ணாமலையிலேயே இருந்தார். சின்ன குஷன் கடை. நான் போய்க் கதையைச் சொன்னதும், "தம்பி, நீ மட்டும் வந்தா ஆவாது, அப்பாவையும் இட்டுக்கினு வா" என்றார்.

இரண்டு பேரையும் மாற்றி மாற்றி உட்கார வைத்தார். அப்பா உட்கார்ந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. நான் உட்கார்ந்த இடத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. "பாரு, நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல உக்காரவே இல்ல. அப்புறம் எதுக்கு ஒரே ஒயரம்?" என்றார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தரைக்குக் கால் எட்டுவது உயரத்தை மட்டும் பொறுத்தது இல்லை, சீட்டின் முன்பக்க அகலத்தையும் பொறுத்தது. அகலமான சீட்டில் தொடை அகண்டு போவதால் கால் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். அகலத்தைச் செதுக்கினால் கால் நேராக இறங்கும், உயரத்தைக் குறைக்காமலே தரை கிட்டே வரும். ஆகவே முன்பக்கம் பழைய உயரம், ஆனால் குறுகலாக. அது அப்பாவின் இடம்.

எனக்கு? கம்பெனி சீட்டில் ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் நடுவில் ஒரு படி மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் படிதான் நெட்டையனின் எதிரி. பின்னால் நகர விடாமல் டேங்க் பக்கமே தள்ளும். பாய் அந்தப் படியை வெட்டிப் பின்னால் தள்ளினார். ஃபுட்ரெஸ்ட் அதே இடத்தில் இருக்க, நான் மூன்று அங்குலம் பின்னால் போனதும் முட்டி தானாக விரிந்தது. அந்தப் பின்பகுதியை மட்டும் ஒரு அங்குலம் உயர்த்தி, அகலமாக்கினார். பின்னால் உயர்த்தினால் முன்னால் சறுக்குமே என்று கேட்டேன். உட்காருகிற இடத்தைச் சரிவாக விடாமல் மட்டமாக்கி, லேசாகக் குழித்துவிட்டார்.

எவ்வளவு அகலம் என்பதற்கு சைக்கிள்காரர்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. கெட்டியான தரையில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழும். அந்த இரண்டு எலும்புதான் நம் பாரத்தைத் தாங்க வேண்டியவை. எனக்கு நடுவுக்கு நடு 13 சென்டிமீட்டர் வந்தது. சீட்டின் மட்டமான பகுதி அதைவிடத் தாராளமாக அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் நடுவில், நரம்பு ஓடுகிற இடத்தில் இறங்கும், மரத்துப்போகும்.

ஸ்பாஞ்ச் இரண்டு அடுக்கு. அடியில் கெட்டியானது, பாரத்தைத் தாங்க. மேலே விரல் தடிமனுக்கு மெல்லியது, உடம்புக்கு ஒத்துப்போக. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட், அப்புறம் ரெக்சின். அந்த ஷீட்டை மறக்கக் கூடாது. தையல் ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் ஸ்பாஞ்ச் குடித்துவிட்டு, மழை நின்ற பிறகும் நம் பேண்ட்டில் திருப்பிக் கொடுக்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. அவர் உடனே தைத்துத் தரவில்லை. ஸ்பாஞ்சின் மேல் பழைய ரெக்சினை இழுத்துக் கட்டி, "ஒரு வாரம் ரெண்டு பேரும் ஓட்டிட்டு வாங்க. எங்க குத்துதுன்னு சொல்லுங்க. தச்சப்புறம் சொன்னா காசு" என்றார். போய் வந்து இரண்டு இடம் செதுக்கினோம். அப்புறம்தான் ஊசியை எடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. உயரம் கூடினால் ஹேண்டில்பார் கீழே போன மாதிரி ஆகும், கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் இப்போதும் இறங்கி நிற்கிறேன். எந்த சீட்டாக இருந்தாலும் இறங்கி நடப்பதுதான் நல்லது. எனக்குப் பின்னால் உட்கார்ந்தால் இடமே இல்லை என்று அம்மா குறை சொல்கிறார். அதுவும் நியாயம்தான். மூன்று அங்குலத்தை யாரிடமிருந்தாவது எடுக்கத்தானே வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு வண்டியை இரண்டு மூன்று பேர் ஓட்டுவார்கள். சீட்டில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். எல்லாரையும் ஒரு தடவை உட்கார வைத்து, கால் எங்கே படுகிறது என்று குனிந்து பாருங்கள். கேட்டுப் பிரயோஜனம் இல்லை. வீட்டில் பெரியவர்கள் உண்மை சொல்ல மாட்டார்கள்.

போன ஞாயிறு அப்பாவோடு நானும் மலைக்குப் போனேன். அவர் ஓட்ட, நான் பின்னால். அவர் விழுந்த அதே திருப்பம். அதே மாதிரி மேலேயிருந்து ஒரு பஸ். அப்பா ஓரமாக நிறுத்தினார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பாதம் மண்ணில் பதிந்து நின்றது. பஸ் போனது. அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"எறங்கி நடந்து வாடா. உன்னையும் வச்சிக்கினு வண்டி இழுக்கல."