பறக்கத் தெரியாத உடம்பு

2023 பிப்ரவரி கடைசியில் யூடியூபில் ஒரு குறும்படம் வந்தது. அரியணைக்காக இரண்டு இளவரசர்கள் மோதுகிறார்கள். வாளெடுத்து அல்ல, பள்ளிப் பிள்ளைகள் இடைவேளையில் ஆடும் ராக்-பேப்பர்-சிஸர்ஸ் ஆடி. மேலங்கி படபடக்கிறது, கண்கள் மின்னுகின்றன, கேமரா முகத்தை நோக்கிப் பாய்கிறது. ஒவ்வொரு கைவீச்சுக்கும் உலகமே அழியப்போவது போல் இசை முழங்குகிறது. பார்த்தால் அசல் ஜப்பானிய அனிமே. ஆனால் அந்தப் பிரேம்களைக் கையால் வரைந்தவர் என்று ஒருவரும் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸின் காரிடார் டிஜிட்டல் குழு செய்த வேலை அது. அதன் நிறுவனர்களான நிக்கோ பியூரிங்கரும் சாம் கோர்ஸ்கியும் தாங்களே வேஷம் கட்டிக்கொண்டு பச்சைத் திரைக்கு முன்னால் நின்று நடித்தார்கள். அந்த வீடியோவைப் பிரேம் பிரேமாகப் பிரித்து, படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷனிடம் கொடுத்தார்கள். எந்தப் பாணியில் வரைய வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்க, 2000-இல் வந்த ‘வாம்பயர் ஹண்டர் டி: பிளட்லஸ்ட்’ என்ற அனிமே படத்தின் காட்சிகளைப் பயன்படுத்தினார்கள். யோஷியாக்கி கவாஜிரி இயக்கி, மேட்ஹவுஸ் ஸ்டூடியோ தயாரித்த படம்.

இந்த வேலையில் முதல் தலைவலி மினுக்கம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஒவ்வொரு பிரேமையும் தனிப்படமாகத்தான் பார்க்கும். படத்தின் மேல் புள்ளிப்புள்ளியாக இரைச்சலைத் தூவி, பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துப் புதுப்படம் எடுப்பது அதன் வழி. முந்தைய பிரேமில் சட்டைப் பொத்தானை எங்கே வைத்தோம் என்பது அதற்கு ஞாபகம் இருக்காது. விநாடிக்கு 24 பிரேம் ஓடும்போது பொத்தான் துள்ளும், மூக்கு நெளியும், முடிக்கற்றை ஒன்று முளைத்து மறையும். காரிடார் குழு எல்லா பிரேமுக்கும் ஒரே இரைச்சலைக் கொடுத்துப் பார்த்தது. மிச்சத்தைச் சரிசெய்ய டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் இருந்த ஒரு சாதாரண வசதி கைகொடுத்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளின் துடிப்பை அடக்குவதற்காக வைத்திருந்த வசதி அது. அதைக் கொண்டுபோய் அனிமே முகத்தில் பூசலாம் என்று தோன்றியதே, அங்கேதான் இவர்களின் கைத்தேர்ச்சி தெரிகிறது.

அந்தத் தலைவலி இப்போது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. புதிய வீடியோ மாடல்கள் பல பிரேம்களைச் சேர்த்தே பார்ப்பதால் பொத்தான் வைத்த இடத்தில் நிற்கிறது. தோளில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு கைப்பேசி முன்னால் குதிக்கும் யாரும் சில நிமிடங்களில் அனிமே சூப்பர் ஹீரோ ஆகிவிடலாம். கோடுகள் கச்சிதம், நிழல் கச்சிதம், தலைமுடி நீலம். ஆனாலும் ஓடவிட்டுப் பார்க்கும்போது ஏதோ இடிக்கிறது. அனிமே சட்டை மாட்டிக்கொண்ட ஒரு சாதாரண ஆள் குதிப்பதுபோலத்தான் இருக்கிறது.

இந்தச் சிக்கல் நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. அமெரிக்காவின் மேக்ஸ் ஃப்ளைஷர் 1915-இல் ரோட்டோஸ்கோப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1917-இல் கிடைத்தது. படம்பிடித்த பிலிமை ஒவ்வொரு பிரேமாகக் கண்ணாடியில் விழச்செய்து, அதன் மேல் தாளை வைத்துக் கோடு இழுக்கும் கருவி. தம்பி டேவ் கோமாளி உடையில் ஆட, அண்ணன் அந்த ஆட்டத்தை ஓவியமாக்கினார். இன்றைய செயலி செய்வதும் அடிப்படையில் இதுதான், பென்சில் பிடித்த கை மட்டும் மாறியிருக்கிறது. முன்பு அந்தக் கைக்கு இருந்த பாரம் கொஞ்சநஞ்சமல்ல. 1985-இல் ஆ-ஹா குழுவின் ‘டேக் ஆன் மீ’ பாட்டு வீடியோவுக்கு ஏறத்தாழ 3,000 பிரேம்களை வரைய 16 வாரம் ஆனது.

அதே ஃப்ளைஷர் ஸ்டூடியோதான் 1941-இல் சூப்பர்மேனை முதன்முதலாகக் கார்ட்டூனுக்குக் கொண்டுவந்தது. முதல் படம் பத்து நிமிடம், செலவு 50,000 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. மனிதர்கள் நடப்பதற்கும் திரும்புவதற்கும் ரோட்டோஸ்கோப் உதவியது. ஆனால் காமிக்ஸில் சூப்பர்மேன் அப்போது பறக்கவில்லை, கட்டடம் விட்டுக் கட்டடம் தாவிக்கொண்டுதான் இருந்தார். திரையில் அந்தத் தாவல் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. அதனால் காமிக்ஸ்காரர்களிடம் அனுமதி வாங்கி அவரைப் பறக்கவிட்டார்கள். பறப்பதற்குப் பிரதியெடுக்க மனித உடம்பு கிடையாது. அந்த இடத்தில் ஓவியர் தன் கையை நம்பித்தான் வரைந்தாக வேண்டும்.

மனித உடம்பைப் பிரதியெடுக்காமல் வரையும் இந்தச் சுதந்திரத்தை அனிமே பற்றாக்குறையிலிருந்து கற்றுக்கொண்டது. 1963-இல் ஒசாமு தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை வாரந்தோறும் கொடுக்கவேண்டி வந்தபோது காசும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்தினார்கள், விநாடிக்கு எட்டு ஓவியம் போதும் என்றானது. முகம் அசையாமல் வாய் மட்டும் அசைந்தது. இந்தச் சிக்கனமே பின்னால் அழகாகிவிட்டது. நாயகன் ஆகாயத்தில் உறைந்து நிற்பான், தலைமுடி மட்டும் அலையும், அடுத்த கணம் நடுவில் எதையுமே காட்டாமல் எதிரியின் முன்னால் இருப்பான். ரத்தமும் சதையுமான மனிதரால் இப்படி உறைய முடியாது. மூச்சு வாங்கும், தோள் ஏறி இறங்கும், குதித்த கால் முட்டி மடங்கித் தரையைத் தேடும். இயந்திரம் இவை எல்லாவற்றையும் விசுவாசமாக வரைந்து தருகிறது. அந்த விசுவாசம்தான் வினை.

ஜப்பானிலேயே இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2013-இல் ஹிரோஷி நாகஹாமா ‘அகு நோ ஹானா’ தொடரை உண்மையான நடிகர்களை வைத்துப் படம்பிடித்து, அதன் மேல் கோடு இழுத்து எடுத்தார். மூலக்கதையான மங்கா காமிக்ஸின் அழகு முகங்களை எதிர்பார்த்த ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பாத்திரம் கொஞ்சம் தள்ளிப் போனால் முகத்தில் கண் மூக்கே இல்லை என்று கேலி செய்தார்கள். ஆனால் கூனிக்குறுகி நடக்கும் பதின்வயதுப் பையனின் மனக்கலக்கத்துக்கு அந்தக் கனமான உடம்பு பொருத்தமாகவே இருந்தது. சூப்பர் ஹீரோவுக்கு அது பொருந்தாது. தமிழில் ‘ஆளவந்தான்’ 2001-இலேயே வேறு வழியைக் காட்டியது. நடிகரின் உடம்பில் காட்ட முடியாத வன்முறைக்கு வந்ததும் படம் ஓவியத்துக்குத் தாவியது.

இப்போது காரிடார் படத்தைத் திரும்பப் பார்த்தால் அதன் சாமர்த்தியம் புரியும். யாரும் பறக்க வேண்டாத கதையைத் தேர்ந்தெடுத்தார்கள். கையும் முகமும் போதும், ஆர்ப்பாட்டத்தைக் கேமராவும் எடிட்டிங்கும் பார்த்துக்கொள்ளும். வீட்டில் முயல்பவர்களுக்கும் பாதி வேலை படம்பிடிக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் கை கலங்காது. கலங்கிய கைக்கு இயந்திரம் தாராளமாக ஆறாவது விரல் வைத்துவிடும். ஒற்றை நிற உடை, ஒரு பக்கத்திலிருந்து பலமான விளக்கு, ஸ்டாண்டில் நிற்கும் கேமரா. பிறகு எடிட்டிங்கில் பிரேம்களைத் தயவு பார்க்காமல் வெட்டித் தள்ள வேண்டும்.

பாணி யாருடையது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. காரிடார் படம் வந்தவுடன் அனிமேட்டர்கள் கோபப்பட்டதற்குக் காரணம், கவாஜிரி குழுவின் உழைப்பு அப்படியே கற்றல் பொருளாகப் போனதுதான். கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2025-இல் டிஸ்னியும் யுனிவர்சலும், பிறகு வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியும் படம் வரையும் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான மிட்ஜர்னி மேல் வழக்குப் போட்டன. வார்னரின் புகாரில் சூப்பர்மேனும் பேட்மேனும் இருக்கிறார்கள். கம்பெனிகளுக்கு வக்கீல்கள் உண்டு, பாணியைத் தந்த ஓவியர்களுக்கு அந்தப் பலம் இல்லை. சொந்தமாக வரையத் தெரிந்தவருக்கு எப்சின்த் போன்ற கருவி இருக்கிறது. ஒரு பிரேமை அவர் கையால் தீட்டிக் கொடுத்தால் அந்தப் பாணியைப் பக்கத்துப் பிரேம்களுக்கு அது பரப்பும். ஆள் முகம் திரும்பினாலோ கை குறுக்கே வந்தாலோ இன்னொரு பிரேம் தீட்ட வேண்டியிருக்கும்.

பறக்கும் காட்சியே வேண்டும் என்றால் அதற்கும் எளிய வழி உண்டு. ஸ்டூல் மேல் பச்சைத் துணி போர்த்தி, நடிப்பவரைக் குப்புறப் படுக்கவைத்து, கையை முன்னால் நீட்டச்சொல்லிச் சில விநாடி எடுத்தால் போதும். அதில் முகம் நன்றாக வந்த ஒரே ஒரு பிரேமை மட்டும் அனிமேயாக மாற்றி, மேகம் வரைந்த பின்னணியின் மேல் இடமிருந்து வலமாக நகர்த்தலாம். மேலங்கியை மட்டும் இரண்டு மூன்று படமாக மாற்றி மாற்றி ஓடவிடலாம். தொலைக்காட்சி அனிமே பல பத்தாண்டுகளாக இப்படித்தான் ஆட்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறது.