பெர்னாண்டஸ் யாரோடு சாப்பிட்டார்?

அரசரடி இறையியல் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது என் கையில் பட்டமும் தோளில் ஒரு பறையும் இருந்தன. அங்கே கற்பித்த தியாபிலஸ் அப்பாவு ஐயா, எல்லோருக்கும் பரட்டை அண்ணன், 2005-லேயே போய்விட்டார். நான் சேர்ந்த காலத்தில் அவருடைய பாட்டுகள்தான் அங்கே இருந்தன. அந்தப் பாட்டும் பறையும் இல்லாமல் கிராமத்தில் ஆராதனையே கிடையாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு கரிசல்காட்டுச் சேகரத்துக்கு உதவி ஐயராகப் போட்டார்கள். பெரிய ஐயருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. வாரம் ஒருமுறை சைக்கிளில் கிளைச்சபைகளுக்குப் போய்வருவார். அதிகம் பேசமாட்டார்.

மூன்றாம் மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. பவனிப் பாட்டுக்குப் பறை அடிக்க நாலு பையன்களைப் பழக்கினேன். பெரிய ஐயரிடம் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. முதல் அடி விழுந்ததும் அவர் முகம் இறுகியதைப் பார்த்தேன். அன்று அவர் அசன விருந்துக்கு உட்காரவில்லை. அடுத்த மாதம் பேராயர் அலுவலகத்துக்கு என் மேல் ஒரு கடிதம் போனது. அதன் நகல் எனக்கும் வந்தது.

கொதித்துப்போய் பசுமலைக்குப் பஸ் ஏறினேன். என்னை ஊழியத்துக்குச் சிபாரிசு செய்த ஐயா ஓய்வுக்குப் பிறகு அங்கேதான் இருந்தார். நல்ல சேதி இருக்கும்போது மட்டும் அவருக்கு போன் பண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு குறையோடு போனேன்.

“நோபிலிக்கும் இதுதானேய்யா நடந்துச்சு” என்று ஆரம்பித்தேன்.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார், முன்னாள் சிப்பாய், 1595-லிருந்து இங்கே பரவர்களுக்குப் பணிசெய்துகொண்டிருந்தார். 1606-ல் ராபர்ட் தெ நோபிலி வந்து சேர்ந்தார். இத்தாலியப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. காவி கட்டி, பூணூல் போட்டு, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். பெர்னாண்டஸ் 1610-ல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு கோவா வரை, ரோம் வரை போனது. 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நோபிலியின் வழிக்கு அனுமதி கொடுத்த பிறகுதான் ஓய்ந்தது. (நோபிலி பூணூல் பக்கம் போனவர், பரட்டை அண்ணன் பறை பக்கம் போனவர். இரண்டையும் ஒரே தராசில் வைத்த என் துணிச்சலை இப்போது நினைத்தால் கூசுகிறது.)

ஐயா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். “நோபிலி வேஷம் மாத்துறதுக்கு முன்னாடி சேசு சபை மாநிலத் தலைவர் லேர்சியோகிட்ட உத்தரவு வாங்கினாரு. மலையாளக் கரையில பேராயர் ரோஸ்கிட்டயும் கேட்டாரு. அதனாலதான் புகார் போனப்ப ரெண்டு பேரும் அவர் பக்கம் நின்னாக. நீ யார்கிட்ட கேட்ட தம்பி?”

நான் பேசவில்லை.

“இன்னொண்ணு. பதினோரு வருஷம் ஒத்தையா கெடந்த மனுசன் பெர்னாண்டஸ். பேச்சுத்தொணைக்கு ஒரு ஆள் வந்தான்னு இருந்திருப்பாரு. வந்தவன் தனி வீடு போட்டுட்டுப் போயிட்டான். அன்னிக்கு ராத்திரி அவர் யாரோட சாப்பிட்டிருப்பாரு?”

பேராயர் அலுவலகத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் உண்டு. ஒரு போன் போதும். அவர் பண்ணவில்லை. எனக்கு அதில் கோபம்தான். மாதத்தில் முதல் திங்கள்கிழமை வரச் சொன்னார். வந்தால் கெடுத்துவைத்ததை முதலில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்றார். போய்க்கொண்டிருக்கிறேன். சில மாதம் சொல்லக் கூசி, திருப்பரங்குன்றம் வரை பஸ்ஸில் போய்த் திரும்பியதும் உண்டு.

அந்த வாரமே பெரிய ஐயர் வீட்டுக்குப் போனேன். “கேட்காமப் பண்ணிட்டேன் ஐயா” என்றேன். உட்காரச் சொன்னார். வெகுநேரம் கழித்துப் பேசினார்.

“எங்க தாத்தா இந்தத் தப்பு அடிச்சவரு. ஊர்ல எந்தச் சாவுன்னாலும் கூலி இல்லாம, தெருவோரமா நின்னு அடிக்கணும். இனிமே அடிக்க மாட்டேன்னு கீழ வச்சிட்டுத்தான் வேதத்துக்கு வந்தாரு. அதுக்காக ஊரை விட்டே ஓடுனாக. நீங்க அதைத் தூக்கி பீடத்துக்கு முன்னால கொண்டாந்துட்டீங்க.”

பறையை விடுதலையின் குரல் என்று வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அதைக் கீழே வைத்ததும் ஒரு விடுதலை என்று சொல்ல என் எதிரிலேயே ஓர் ஆள் இருந்திருக்கிறார். மாதக்கணக்கில் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தும் கேட்கவில்லை.

ஐயரம்மா சோறு போட்டார்கள். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். கடிதத்தை அவர் திரும்பப் பெறவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு முன்னால், பறை வேண்டுமா என்று கேட்டேன். “யோசிப்போம்” என்றார். ஓய்வு பெறும் வரை யோசித்துக்கொண்டே இருந்தார். போகிற அன்று, பையன்கள் நால்வரின் பெயரையும் சொல்லி, தோல் தளர்ந்திருக்கும், வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள் என்றார்.