இருந்துச்சே... அந்தப் புளியமரம்!

மண்ணூரில் வழி கேட்டுப் பாருங்கள். "தண்டலத்துல திரும்பி நேரா வாங்க சார்... ஏரிக்கரை, அரசமரம், டீக்கடை, எதிர் சந்து!" கிழக்கா மேற்கா என்றால், நம்மையே மேலும் கீழும் பார்ப்பார்கள்.

இது பரம்பரைப் பழக்கம், ரொம்பப் பழைய பரம்பரை! 1973-ல் எமில் மென்ஸல் என்கிற அமெரிக்கர், ஒரு சிம்பன்ஸியைத் தூக்கிக்கொண்டு சுற்றி, அதன் கண்ணெதிரே 18 இடங்களில் தீனியை ஒளித்து வைக்கச் செய்தார். இறக்கிவிட்டதும் ஐயா சுற்றி வந்த வழியே போகவில்லை. குறுக்கே புகுந்து, பாதிக்கு மேல் பொறுக்கிவிட்டார்.

2012-ல் எலிசபெத் பஃபலோ குழு இன்னொரு வேடிக்கை கண்டது. உட்கார்ந்து படம் பார்க்கும் குரங்கின் மூளையில், கண் மேயும் இடத்துக்கேற்ப சில செல்கள் துடிக்கின்றனவாம். எலி நடந்து போடும் மேப்பை, குரங்கு கண்ணாலேயே போட்டுவிடுகிறது!

நம் கண்ணும் செகண்டுக்கு மூன்று தாவல் தாவும். பிடித்துக்கொள்ளக் கிளை வேண்டாமா? இங்கிருந்து ஒரகடம் வரை தகரக் கூரை, காம்பவுண்டு, கேட்... மறுபடி தகரக் கூரை. நைட் ஷிஃப்ட் முடிந்து தப்பான ஸ்டாப்பில் இறங்கி முழிக்கிற தென்காசிப் பையனைக் குறை சொல்லாதீர்கள். மொபைல் மேப் இருக்கே என்பீர்கள். அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு நடந்தால் ரோடு எப்படி மனசில் ஏறும்?

டீக்கடைப் பெரியவரைக் கேட்டான்.

"ரோடு போடுறதுக்கு முன்னாடி ஒரு புளியமரம் இருந்துச்சே தம்பி, அங்க திரும்பு!"