முப்பத்தைந்தில் ஒரு பங்கு

உங்களுக்கு ஒரு கணக்கு. எட்டு மீட்டரை 35-ஆல் வகுத்தால் எவ்வளவு? ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கி, குழலை விட்டுவிட்டால், ஏறக்குறைய எட்டு மீட்டர். என் மேஜைமேல் இருக்கும் மர விஜயந்தா 23 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

'ஒன்றுக்கு முப்பத்தைந்து' என்பது உலகம் முழுக்க டாங்கி மாடல் செய்கிறவர்களுக்குப் பழகின அளவு. பிளாஸ்டிக் என்றால் பாகங்கள் பெட்டியிலேயே வரும், ஒட்டினால் போச்சு. மரத்தில் அந்த சௌகரியம் கிடையாது. தேக்குத் துண்டு, மெல்லிய பிளைவுட், ரம்பம், அரம், உப்புத்தாள், ஃபெவிகால், அப்புறம் நிறைய ராத்திரிகள்.

சக்கரம் சுலபம். பக்கத்துக்கு ஆறு, உருளைக் கட்டையை வில்லை வில்லையாக அறுத்துவிடலாம். பொறுமையைச் சோதிப்பது சங்கிலிப் பட்டைதான். ஐஸ் குச்சியைக் கண்ணி கண்ணியாக நறுக்கி, துணி நாடாவில் வரிசையாக ஒட்டினால் சக்கரத்தைச் சுற்றி அழகாக வளையும். ஒன்று கோணினாலும் கண்ணை உறுத்தும். ஒரு ராத்திரிக்கு இருபது கண்ணி. அதற்குமேல் கை கேட்காது.

குழலின் வாய் 105 மில்லிமீட்டர். வகுத்தால் சரியாக மூன்று. முன்பக்க எஃகு அதிகபட்சம் 80 மில்லிமீட்டர். பிளைவுட்டில் இரண்டே காலுக்குச் சற்று மேல். எதிரியின் குண்டுக்கும் உள்ளே இருக்கிற நாலு பேருக்கும் நடுவில் அவ்வளவுதான்.

வழக்கமாக டாங்கியின் உடலை முழுக்கட்டையில் செதுக்கிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் உள்ளே குடைந்தேன். ஐந்தே முக்கால் அடி மனிதர் இந்த அளவில் ஐந்து சென்டிமீட்டர், சுண்டுவிரல் உயரம். அப்படி ஒரு ஓட்டுநரைச் செதுக்கி, முன்னால் வலப்பக்கம் உட்கார வைத்தேன். காலை மடக்கினால்தான் மூடி மூடுகிறது. இடப்பக்கம் மிச்சமிருக்கும் இடமும் அவருக்கில்லை. நிஜ டாங்கியில் அங்கே பீரங்கிக் குண்டுகளை அடுக்குவார்கள்.

1971 டிசம்பரில் விஜயந்தா போருக்குப் போனது. இந்த மூடிக்குக் கீழே, குண்டுகளுக்குப் பக்கத்தில், யாரோ வீட்டுப் பிள்ளை உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். படத்தில் எத்தனையோ தடவை பார்த்த டாங்கிதான். மரத்தில் குடைகிறவரை இது எனக்கு உறைக்கவில்லை.

இன்று விஜயந்தா ராணுவத்தில் இல்லை. பல ஊர்களில் மேடைமேல் நினைவுச் சின்னமாக நிற்கிறது. பார்த்தால் குழந்தையைப் பீரங்கிக்குக் கீழே நிறுத்தி போட்டோ எடுப்பீர்கள். தாராளமாக எடுங்கள். கூடவே, எதிரே நின்றால் உங்கள் இடது கைப் பக்கம் ஒரு சின்ன மூடி தெரியும். அதையும் காட்டி, "இதுக்குள்ள ஒருத்தர் இருந்தார்டா" என்று சொல்லுங்கள்.