விரல்கள் அறிந்த விலை

என் துணைவியார் கம்பளி நூலில் குழந்தைகளுக்குக் குல்லாய் பின்னுபவர். சென்ற ஐப்பசியில் நெல்லையில் ஒரு கைவினைப் பொருட்காட்சிக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். அடைமழை; கூட்டமில்லை. ஒழுகும் கூரையின்கீழ் பத்தமடைப் பாய் விற்ற மூதாட்டி ஒருவர் பாய்களை நனையாமல் நகர்த்திக்கொண்டிருந்தார். ஈரம் தங்கினால் பாயில் பூஞ்சை பிடித்துவிடும்.

கோரையைப் பல நாள் நீரில் ஊறவைத்து, மெல்லிழையாய்க் கிழித்து, துணிபோல் மடியுமாறு நெய்யும் அக்கலையை நம் சமுதாயப் பெண்மணிகள் தலைமுறைகளாய்ப் பேணி வருகின்றனர். நுண்ணிய பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். ஆயினும் வந்தவர்கள், "பாய்க்கா இவ்வளவு?" என்று பாதி விலைக்குக் கேட்டனர். மழைக்கு அஞ்சி அவரும் இணங்கும் நிலையில் இருந்தார்.

என் துணைவியார் பாயின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தார்.

"ஏன் உம்மா, பேரம் பேசவில்லை?" என்றாள் மகள்.

"ஒரு குல்லாய்க்கு எத்தனை இரவு ஆகுமென்று எனக்குத் தெரியுமே, மகளே!"

வாசகர்களே! பெண்கள் பின்னுவதையும் தைப்பதையும் நாம் பொழுதுபோக்கு என்கிறோம். அந்தப் பொழுதும் அவர்களது ஆயுளில் ஒரு பகுதியன்றோ? இனிப் பேரம் பேசுமுன் அந்த நாட்களையும் எண்ணிப் பாருங்கள்.