நர்சிங் கோர்ஸுக்குக் காசு கட்ட முதல்



ஏ.எல். ரிசல்ட் வந்த கையோடு "ஆறு மாதத்தில் நர்ஸ்" என்ற விளம்பரங்களும் தீவுப் பக்கம் வந்துவிடும். கலைப்பிரிவில் படித்த என் பழைய மாணவி ஒருத்தியின் உம்மா போன கிழமை காப்பை அடகு வைக்க நின்றா. "டீச்சர், கனடாவில மச்சாள்ட மகள் சின்ன நர்சிங் படிச்சுத்தானே பிறகு பெரிய நர்ஸ் ஆனவ? இவளும் அப்பிடி ஏறலாம்தானே?"

கனடாவில் ஏறலாம். ஒன்ராறியோவில் ஆர்.பி.என்., மற்ற மாகாணங்களில் எல்.பி.என். என்று ஒரு தரம் இருக்கிறது. கொலிஜில் இரண்டு வருடமளவில் படித்து, சோதினை பாஸ் பண்ணி, பதிவும் எடுக்க வேண்டும். பிறகு இணைப்புப் படிப்பு படித்து ஆர்.என். ஆகிறார்கள். முதல் படியிலேயே அவர்கள் பதிவுபெற்ற தாதிதான்.

இங்கே அந்த நடுப்படி இல்லை. அரச தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் அல்லது கணிதப் பிரிவில் சித்தி வேண்டும். பயிற்சி 3 வருடம், கொடுப்பனவும் உண்டு. யாழ்ப்பாணத்திலேயே பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. யாழ். பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்புக்கும் உயிரியல் பிரிவு வேண்டும். ஆறு மாதச் சான்றிதழை வைத்து இந்த இரண்டுக்குள்ளும் நுழைய முடியாது.

தாதி உதவியாளர், பராமரிப்பாளர் வேலை குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. என்.வி.கியூ. சான்றிதழ் இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியிலும் வெளிநாட்டிலும் உழைக்கலாம். அதை அந்தப் பெயரிலேயே விற்கட்டும், நர்ஸ் என்று விற்க வேண்டாம். காசு கட்ட முதல், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, அந்தக் கோர்ஸுக்கு என்.வி.கியூ. கிடைக்குமா என்று கேளுங்கள். அந்த உம்மா கேட்டுப் பார்த்தா. பதில் சொல்லாமல், "இண்டைக்குக் கட்டினால் கழிவு" என்றார்களாம்.

உண்மையில் கதவு மூடுவது ஓ.எல்.லுக்குப் பிறகு, எந்தப் பிரிவு என்று முடிவெடுக்கும் நாளில்தான். விஞ்ஞானம் படிக்க டவுனுக்குப் போக வேண்டும், தினமும் படகு சரிவராது, ஹாஸ்டலுக்கு வீட்டில் விடமாட்டார்கள். கலைப்பிரிவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே எத்தனை பிள்ளைகள் அதில் சேர்கிறார்கள்! "பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வேலை எதுக்கு?" என்பவர்களுக்கு, காயப்பட்ட ஸஹாபாக்களுக்கு மதீனாவில் கூடாரம் அடித்து மருந்து போட்ட ருஃபைதா (ரழி) அவர்களை ஞாபகப்படுத்துகிறேன்.

இந்த வருடம் ஓ.எல். எழுதும் நயினாதீவுப் பிள்ளை ஒன்று விஞ்ஞானத்தில் நல்ல கெட்டி, தாதியாக வர ஆசை. வாப்பாதான் இன்னும் ஹாஸ்டலுக்குச் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வீட்டுக்குப் போய்க் கதைக்கப் போகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது கூட வந்தால் உதவியாக இருக்கும்.