சுண்டைக்காய் சூரர்கள்

எங்க போடியில் ஏலக்காயைச் சலித்தால் 8 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிற காய்க்குத்தான் ராஜமரியாதை. பொடிக்காய்க்கு விலை கம்மி. குத்துச்சண்டையிலும் அதே கதை. அலி, டைசன் என்று கனத்த ஆட்களைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எப்போதும் முதல் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட குட்டையன் என்ற முறையில் இதோ என் பட்டியல். 55 கிலோவுக்குக் கீழ், இந்தியர்கள் மட்டும்.

மூன்றாவது அமித் பங்கல். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி, 49 கிலோ இறுதி. எதிரே ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய துஸ்மடோவ். ஜெயித்தது நம்ம ஆள்.

இரண்டாவது டிங்கோ சிங். 1998 பாங்காக் அணியில் முதலில் அவர் பெயரே இல்லை. பிறகுதான் சேர்த்தார்கள். அரையிறுதியில் தாய்லாந்துக்காரரை உள்ளூர்க் கூட்டத்தின் முன்னாலேயே தோற்கடித்து, 54 கிலோவில் தங்கத்தோடு திரும்பினார். இந்தியாவுக்கு 16 வருடம் கழித்துக் கிடைத்த ஆசியக் குத்துச்சண்டைத் தங்கம். 2021இல், 42 வயதில், புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

முதலிடம் மேரி கோம். ஆறு உலகப் பட்டத்துக்காக இல்லை. மேலே சொன்னவற்றில் பங்கலின் தங்கம் அவர் சொந்த எடையில் வந்தது. 2012 லண்டனிலோ பெண்களுக்கு இருந்த மிகச் சிறிய பிரிவே 51 கிலோ. 46இலும் 48இலும் பட்டம் வாங்கியவர், தன்னைவிடப் பெரிய பெண்களோடு மோத வேண்டியிருந்தது. எல்லாரும் எடை குறைக்கக் கஷ்டப்படுவார்கள், இவர் ஏற்றுவதற்கு! அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11. வெண்கலம். அப்போதே இரட்டைக் குழந்தைகளுக்கு அம்மா.

1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய நம்ம தமிழ்நாட்டு தேவராஜன் எங்கே என்று கேட்பீர்கள். அவர் ஆட்டம் ஒன்றுகூட வீடியோவில் சிக்கவில்லை. பார்க்காத ஆளுக்கு ரேங்க் போடுவதாக இல்லை. யாரிடமாவது கேசட் இருந்தால் சொல்லுங்கள், பட்டியலைத் திருத்துகிறேன்.